கூரை மடிகிற காரும் என் குமட்டலும்

திருப்பூரில் கூரை மடிகிற கார் வைத்திருந்தால் என்னென்ன கெடுதல் என்று என்னிடம் கேட்டால், அடுப்பில் பால் இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லுவேன். அத்தனை இருக்கிறது. நல்லது என்ன என்று கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவேன். அதனால் கெடுதலை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நல்ல வருடங்கள் அவை. என் வீட்டுக்காரர் பனியன் துணி ஓட்டிக் கொடுக்கிற நிட்டிங் கம்பெனி வைத்திருந்தார். மெஷின்கள் நிற்காமல் ஓடின. ஒரு தடவை ஏற்றுமதிக்காரர்கள் சிலரோடு சேர்ந்து ஐரோப்பாவில் ஏதோ கண்காட்சி பார்க்கப் போனார். மெஷினைப் பார்க்கப் போன மனுஷன் காரைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் இரும்புக் கூரை நடுவில் பிளந்து, மடிந்து, பின்னாலே போய் டிக்கிக்குள் படுத்துக்கொள்கிறதாம். துணிக் கூரை இல்லை, இரும்புக் கூரை. இதை அவர் சொல்லாத நாளில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வலது கையைத் தூக்கி, கூரை எப்படி மடிகிறது என்று செய்து காட்டுவார். பருக்கை தரையெல்லாம் விழும். கூட்டுவது யார்? நான்தான்.

பிறகு பெங்களூரில் ஒரு டாக்டர் வாங்கி ஓட்டிச் சலித்துப்போன வண்டி ஒன்று கிடைத்தது. வெள்ளி நிறம், இரண்டே கதவு. வண்டி வந்த அன்று எங்கள் தெருவில் கூடிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தார்.

முதல் கெடுதல் பஞ்சு. எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். கூரையைத் திறந்து ஒரு தெரு சுற்றி வந்தால் போதும், தலைமுடி, புருவம், சீட்டு எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கட்டிங் வேஸ்ட் பனியன் துணியை ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்துக்கொண்டு காலையில் எழுந்ததும் சீட்டைத் துடைப்பார். தோல் சீட்டு, பழுப்பு நிறம். என் கன்னத்தை அப்படித் துடைத்துவிட்டதில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைத் தட்டிவிட்டு ஏற வேண்டும். உள்ளே கடலை தின்னக் கூடாது. ஈரத் தலையைச் சாய்க்கக் கூடாது. "ஏனுங்க, மூச்சு விடலாமுங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். "மெதுவா உடு" என்றார். லொள்ளுக்குக் குறைச்சலில்லை.

இரண்டாவது, பஸ். நம் தலைக்கு மேலே கூரை இல்லை, பக்கத்தில் டவுன் பஸ் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நம் மடியைப் பார்ப்பார்கள். காதர்பேட்டையில் ஒரு நாள் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். மேலேயிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மேல் மூடி எங்கீங்க? காத்துல பறந்துருச்சுங்களா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்கிறவரைக்கும் எங்கள் இருவருக்கும் உயிர் இல்லை.

அப்புறம் வெயில். காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலு மணிவரைக்கும் அந்தக் கூரையைத் திறக்கிறவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். வேகத்தடை வந்தால் வண்டியின் அடிவயிறு உரசும், அவர் முகம் சுருங்கும். பின் சீட்டு என்று ஒன்று இருந்தது. முழங்கால் இல்லாதவர்கள் உட்காரலாம். சொந்தக்காரர்கள் வந்தால் காப்பி குடிக்கும் முன்னாலேயே, "ஒருக்காத் தொறந்து காட்டுங்க மாப்ளே" என்பார்கள். இவரும் திறந்து காட்டுவார். சோமனூரில் தறி ஓட்டுகிற இவருடைய பங்காளி ஒருவர் மாதம் ஒரு தடவை அதைப் பார்ப்பதற்காகவே வருவார். திறந்து, மூடி, மறுபடி திறக்கச் சொல்லி, "என்ன இருந்தாலும் மனுஷன் மூளை மூளைதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் டிக்கிதான். கூரை மடிந்து போய்ப் படுக்கிற இடமே அதுதான். கூரையைத் திறக்க வேண்டுமென்றால் டிக்கி காலியாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு தடுப்பு இருக்கும், அதை இழுத்து மாட்டியிருக்க வேண்டும். சாமான் வேண்டுமா, வானம் வேண்டுமா, ஏதாவது ஒன்றைத்தான் கேட்கலாம். திருப்பூரில் காலி டிக்கியோடு ஒருவன் கார் ஓட்டுகிறான் என்றால் அவனுக்குத் தொழில் இல்லை என்று அர்த்தம். இதை அந்தக் காரைச் செய்த வெளிநாட்டுக்காரன் யோசித்திருக்க மாட்டான்.

கெடுதல் போதும். இனி என் சங்கதி.

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸோ காரோ, தலைக்கு மேலே ஒரு கூரையும் சுற்றி நாலு அடைப்பும் இருந்து அது நகர்ந்தால், எனக்குக் குடல் புரளும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அதே கதைதான். எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தாயிற்று, புளிப்பு மிட்டாய் சப்பியாயிற்று, பேப்பரை மடித்து அதன்மேல் உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று தொப்புளில் பிளாஸ்திரிகூட ஒட்டினேன். மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், ஆனால் ஆள் நாள் முழுக்கக் கட்டையாகக் கிடப்பேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனால் ஒன்றும் செய்யாது. கல்யாணமான புதிதில் அப்படித்தான் அம்மா ஊட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பிறகு இவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகி, அவ்வளவு தூரம் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு போயிற்று.

எங்கள் அம்மா ஊடு தாராபுரத்துக்கும் அந்தப் பக்கம். வீட்டில் ஏற்கெனவே இருந்த பெரிய வண்டியில் கிளம்பினால் அவிநாசிபாளையம் தாண்ட மாட்டேன். அங்கே ஒரு புளியமரம், பக்கத்தில் ஒரு டீக்கடை. வண்டி ஓரம் கட்டியதும் டீக்கடைக்காரர் சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்துவிடுவார். அத்தனை பழக்கம். ஊர் போய்ச் சேர்ந்தால் அம்மா திண்பண்டத்தோடு வர மாட்டாள். பாயும் பக்கெட்டுமாக வருவாள். அரை நாள் சுருண்டு கிடந்து, எழுந்து ஒரு வாய் ரசச் சோறு தின்பதற்குள் திரும்பக் கிளம்பும் நேரம் வந்துவிடும். இதற்குப் பயந்தே போவதைக் குறைத்தேன். அம்மா ஊட்டை நினைத்தாலே கண்ணீரும் குமட்டலும் சேர்ந்து வந்த காலம் அது.

எனக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. அவனுக்குப் பெண் நிச்சயம் ஆன அன்று, உப்புச் சர்க்கரை மாற்றுகிற அன்று, நான் முன்னால் நிற்க வேண்டியவள். அவிநாசிபாளையத்தில் இறங்கியவள் ஏறவே இல்லை. அன்று வாந்தியோடு மயக்கமும் வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு வீட்டில் கயிற்றுக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். நல்ல நேரம் போகிறது என்று மற்றவர்கள் போனார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகள் நின்றாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "கல்யாணத்துக்கும் பெரியப்பன் மகளே இணைச்சீருக்கு நின்னுக்கட்டும். இவளை நம்பி எப்படீங்க அருமைக்காரரை உக்கார வெக்கறது?" என்று எங்கள் சின்னத்தை கேட்டாளாம். என் காதுக்கு வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இணைச்சீர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ வந்து நிற்காமல் கல்யாணம் நகராது. சடங்கு நடத்தி வைக்கிற அருமைக்காரர் முன்னால் மாப்பிள்ளை உட்காருவான். உடன்பிறந்தவள் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு நுனி அவள் தோளில், மறுநுனி அவன் கையில். ஒருத்தி புதிதாக வந்தாலும் இவள் உனக்கு இணைதான் என்று ஊரறியச் சொல்வதுதான் அது. உடன்பிறந்தவள் இல்லாதவன் பெரியப்பா, சித்தப்பா மகளை நிறுத்துவான். நான் உயிரோடு குத்துக்கல்லாக இருக்கும்போது என் தம்பிக்கு வேறொருத்தி நிற்பதா? அதுவும் வாந்திக்குப் பயந்து! எத்தனையோ நாள் தலையணையை நனைத்தேன். பெண் படிப்பை முடிக்கட்டும் என்று கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். அந்த இடைவெளியில்தான் இவர் வண்டி வாங்கினார். எனக்காக வாங்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முழுக்க முழுக்கத் தன் ஆசைக்காகத்தான் வாங்கினார்.

வண்டி வந்து பூஜை போட்டதும் என் மாமியாரைத்தான் முதலில் ஏறச் சொன்னார். "போடா, கூரையில்லாத வண்டீல உக்காந்தா ஊரே பாக்கும். நான் என்ன உற்சவ மூர்த்தியா?" என்று அத்தை நகர்ந்துவிட்டார். அதனால் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. வழக்கம்போல ஒரு கேரிபேக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். அதைப் பார்த்துவிட்டு இவர் முகம் போன போக்கு! புது சீட்டு பற்றிய கவலை.

சாயங்கால வெயில் இறங்கியிருந்தது. பேசிக்கொண்டே தாராபுரம் ரோட்டில் போனோம். காற்று சேலைத் தலைப்பைப் பிய்த்தது. கூரை திறந்திருந்தால் கத்தித்தான் பேச வேண்டும். அத்தையின் சர்க்கரை வியாதி, சின்ன மெஷினில் ஊசி உடைவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கத்திக் கத்திப் பேசினோம். ஓரமாக மாடு ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வேப்பம்பூ வாசம் வந்தது. பிறகு யாரோ வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசம். தலைக்கு மேலே வானம் கூடவே வந்தது. திடீரென்று ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அவிநாசிபாளையம் பின்னால் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இவர் பதறிப்போய் ஓரம் கட்டினார்.

"ஏம்மிணி, தூசி உளுந்துருச்சா?"

"இல்லீங்க. அவிநாசிபாளையம் தாண்டிட்டமுங்க."

என் இடுப்பில் செருகியிருந்த கேரிபேக்கைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பாமல் நேராகவே ஓட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வாசலில் போய் இறங்கினோம். அம்மா என்னைப் பார்த்ததும் வழக்கம்போல உள்ளே ஓடிப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "அதைக் கொண்டுபோய் வெய்யி. சோறு போடு, பசிக்குது" என்றேன். பக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள் அந்த மகராசி. அன்று கொள்ளுப் பருப்பும் சோறும் மூன்று தடவை வாங்கித் தின்றேன். அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அதற்குப் பிறகு தம்பி கல்யாணம் வரைக்கும் நான் வாழ்ந்த வாழ்வு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் முகத்தில் காற்றடிக்கிறது. மாதம் இரண்டு தடவை அம்மா ஊடு. சும்மா ஒரு வட்டம் போகலாம் என்று இவரே கூப்பிடுவார். காற்றாலைகள் நிற்கிற பக்கம் போய் வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்போம். ஸ்கூட்டரை விட்டதிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் சந்தோஷமாக எங்கேயும் போனதில்லை. போனால் நான் வாந்தி எடுப்பேன், அவர் தண்ணீர் ஊற்றுவார். மற்றபடி பேச்சு ஏது? அவர் நன்றாகச் சீட்டியடிப்பார் என்று எனக்கு அந்தக் காரில்தான் தெரிந்தது. தார்ரோட்டு வெக்கை, தலையில் பஞ்சு, தோல் சீட்டுச் சூடு எல்லாமே பிடித்துப்போயின. அந்த நாட்களைக் கொஞ்சம் கடன் கொடுங்கள் என்று யாரிடமும் கேட்கத் தயார்.

ஐப்பசியில் கல்யாணம் வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். எங்கள் அம்மா ஊர்ப் பக்கம் மழையை மனு எழுதித்தான் கேட்க வேண்டும், அப்படி ஒரு வறண்ட சீமை. அதனால் மழையைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. பெரிய வண்டியில் பிள்ளைகளையும் அத்தையையும் காலையிலேயே அனுப்பியாயிற்று. இவருக்கு ஒரு லாட் துணி முடிய வேண்டியிருந்தது. கூரை மடிகிற வண்டியை வேறு யாரையும் ஓட்ட விட மாட்டார். மத்தியானச் சாப்பாடு முடித்து நாங்கள் இருவரும் கிளம்பினால் போதும் என்று கணக்கு.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இவர் பொத்தானை அமுக்கினார். கூரை பிளந்தது, எழும்பியது, பாதியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாசலில் நிற்கிற எருமை வாயைத் திறந்தபடி நிற்கிற மாதிரி நின்றது. இறங்கிப் போய் டிக்கியைப் பார்த்த என் வீட்டுக்காரர், "அட கெரகமே!" என்று தலையில் கை வைத்தார்.

அத்தை காலையில் போவதற்கு முன்னால் டிக்கியை நிரப்பிவிட்டுப் போயிருந்தார். தேங்காய், முழு வாழைத்தார், வெல்லம், ஒரு சிப்பம் அரிசி. கல்யாண ஊட்டுக்குப் போகிற வண்டி வெறும் டிக்கியோடு போவதா என்று அவருக்குத் தாங்கவில்லை. குறுக்கே ஏதோ தடுப்பு இருக்கிறதே என்று அதையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். போனில் கேட்டால், "ஏண்டா, சீரில்லாமப் போனா அவிய என்ன நெனைப்பாங்க? உன்ற மானத்தைக் காப்பாத்துனதுக்கு என்னையே வையறயா?" என்று அவர் எங்களை வைதார். எங்கள் ஊரில் யாருடைய அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். வாழைத்தாரின் காம்பு மடிப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பாதி திறந்த இடுக்கில் கையை விட்டு அரிவாளால் காம்பை அறுத்து, ஒவ்வொரு தேங்காயாக வெளியே எடுத்து, தடுப்பை மாட்டி, கூரையைச் சமாதானப்படுத்திப் படுக்க வைப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. சீர் முழுவதும் பின் சீட்டுக்கு ஏறியது. வாழைத்தார் மட்டும் என் மடிக்கு.

அவிநாசிபாளையம் தாண்டினோம். என் வயிறு கல்லாட்டம் இருந்தது. ஆனால் தெற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. தாராபுரத்துக்கு முன்னாலேயே முதல் சொட்டு கண்ணாடியில் விழுந்தது. பிறகு என் மூக்கில். இவர் ஓரம் கட்டினார். அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, எங்க இருக்கறே? அருமைக்காரர் உக்காரு உக்காருன்னு அவசரப்படுத்தறாரு. பெரியப்பா ஊட்டு அக்காளை நிக்கச் சொல்றாங்க."

"வந்துட்டே இருக்கறன் கண்ணு."

"நீ வராம நான் உக்கார மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். வந்துருவயல்லக்கா?"

அவன் குரல் உடைந்திருந்தது. வந்துருவேன் என்று போனை வைத்தேன். மழை விடும் வரை ஒதுங்கினால் நேரம் போய்விடும். கூரையை மூடினால் இன்னும் இருக்கிற தூரத்துக்கு நான் தாங்க மாட்டேன். போய்ச் சேர்ந்தாலும் பாயில்தான் விழுவேன். கூரையை மூடாமல் போனால் இந்த வண்டி என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"மூடிருங்க" என்றேன். "சீட்டெல்லாம் போயிரும். நான் எப்படியாச்சும் அடக்கிக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அடக்கிக்கற மூஞ்சியப் பாரு" என்றார். விரலை எடுத்துவிட்டார். முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து, துணி ரோலுக்குப் போடுகிற நீளமான பாலிதீன் உறை ஒன்றை எடுத்தார். நிட்டிங்காரர் வண்டியில் அது இல்லாமல் இருக்காது. அடியைக் கிழித்து என் தலை வழியாக மாட்டிவிட்டார். "சேலை நனையாமப் பாத்துக்க. நீ நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

கூரை திறந்த வண்டி வேகமாகப் போனால் மழை தலைக்கு மேலேயே போய்விடுகிறது. இதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் குடம் குடமாக உள்ளே கவிழ்ந்தது. காலடியில் தண்ணீர் தளும்பியது. வெல்லம் கரைந்து சீட்டில் ஓடியது. அவர் சட்டை உடம்போடு ஒட்டி, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். நான் துணி ரோல் மாதிரி உட்கார்ந்து, வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "ஏனுங்க, மூடிருங்க" என்று இன்னும் இரண்டு தடவை கத்தினேன். காது கேட்காதவர் போல ஓட்டினார்.

மண்டபத்து வாசலில் வண்டி நின்றதும் ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. அந்தக் கூரை அதற்குப் பிறகு அசையவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக், உள்ளே தண்ணீர் இறங்கி எல்லா வயரும் போய்விட்டது என்றார். சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார், வரவே இல்லை. ஷெட்டில் படுதா போட்டு வைத்திருந்து கடைசியில் யாருக்கோ கொடுத்தோம். எடுத்துக்கொண்டு போன அன்று இவர் கம்பெனியை விட்டு வெளியே வரவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு மண்டபத்து வாசலில் யாரோ குடையோடு ஓடி வந்து, "மாப்ளே, வண்டிக்குள்ள தண்ணி ரொம்புது. படுதா கொண்டாறச் சொல்லட்டுங்களா?" என்றார்கள்.

"அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார் இவர். என் தலையிலிருந்து பாலிதீனை உருவினார். என் கையைப் பிடித்து, ஊரே பார்க்கிறது என்ற கூச்சம் இல்லாமல், உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

பெரியப்பா மகள் தயாராக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டயா சாமி!" என்று தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். தம்பி மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். அருமைக்காரர் கூறைச்சேலையை எடுத்து ஒரு நுனியை என் தோளில் போட்டார். மறுநுனியைத் தம்பி இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் நேராக நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். திறந்த வாசல் வழியாக வண்டி தெரிந்தது. மழை நேராக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன் வரிசையில், தரையெல்லாம் சொட்டச் சொட்ட என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்தவர்களிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றி, சுற்றுகிறதா என்று ஜாடையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நம்பாமல் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். அப்புறம்தான் உட்கார்ந்தார்.